அவசரத்துக்கு வேகாத இறைச்சி

6 கிலோ மாட்டிறைச்சி, ஒரு கட்டு விறகு, ஓர் இரவுத் தூக்கம்: டெக்சாஸ்காரர்களின் வாரக் கடைசிக் கணக்கு இது.

உலகத்துக்கே அவசரச் சாப்பாட்டைக் கற்றுக்கொடுத்த தேசம் அமெரிக்கா. காரை விட்டு இறங்காமல் ஜன்னல் வழியே கை நீட்டி ஹாம்பர்கர் வாங்கி, அடுத்த சிக்னல் வருவதற்குள் பாதியைத் தின்று முடித்துவிடுகிற ஜனங்கள். அதே ஜனங்களில் ஒரு சாரார், சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்காக வெள்ளிக்கிழமை ராத்திரியே கொல்லைப்புறத்தில் நெருப்பு மூட்டி, பக்கத்தில் நாற்காலி போட்டு விடிய விடியக் காவல் இருக்கிறார்கள். அடுப்பில் இருப்பது ஒரே ஒரு துண்டு இறைச்சி. அதன் பெயர் பிரிஸ்கெட். எலும்பில்லாத நெஞ்சுக்கறி.

மாட்டிறைச்சி என்றாலே இந்தியாவில் அரசியல் வாடை அடிக்கும். டெக்சாஸில் அதற்கு ஓக் மரப் புகையின் வாசனை. சாப்பிடுகிறவர், சாப்பிடாதவர் இருவருமே தெரிந்துகொள்ளத் தகுந்த ஒரு கதை அந்தப் புகைக்குள் இருக்கிறது.

கதை மாட்டின் உடற்கூறில் ஆரம்பிக்கிறது. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களை உடம்போடு பிணைத்து நிறுத்துவது தசைகள்தான். உடம்பின் எடையில் பாதிக்கு மேல் முன்பக்கத்தில் விழுவதால் நெஞ்சுத் தசைக்கு நாள் முழுக்க வேலை. உழைக்கிற தசையில் கொலாஜன் என்கிற நார்ப்புரதம் ஏறிக்கொண்டே போகும். முதுகெலும்பை ஒட்டிச் சும்மா கிடக்கும் தசையை வாணலியில் பத்து நிமிஷம் புரட்டினால் மெத்தென்று ஆகிவிடும். நெஞ்சுக்கறியை அப்படிப் புரட்டினால் கிடைப்பது செருப்புத் தோல்.

கொலாஜனை வழிக்குக் கொண்டுவர மிதமான சூடும் நீண்ட நேரமும் வேண்டும். இறைச்சியின் உட்புறம் 70 டிகிரி செல்ஷியஸைத் தாண்டிய பிறகு அது மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் பாத்திரத்தில் உறைந்து தளதளவென்று நிற்குமே, அதே சமாச்சாரம். கரைந்த ஜெலட்டின் நாருக்கு நார் ஊடுருவி நிற்பதால்தான், பதமாக வெந்த பிரிஸ்கெட் வாயில் கரைகிறது. தீயைக் கூட்டினால் சீக்கிரம் வேகும் என்று நினைத்தால், கொலாஜன் கரைவதற்குள் ஈரம் எல்லாம் ஓடிப்போய் இறைச்சி வறண்டுவிடும்.

நேரம் இப்படித் தேவைப்படுவதால், இந்தச் சமையலின் சரித்திரமே யாருடைய நேரம் மலிவாகக் கிடைத்தது என்பதன் சரித்திரமாக இருக்கிறது.

அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் பெரிய தோட்டங்களில் விருந்து என்றால் முதல் நாளே மண்ணில் நீளக் குழி வெட்டுவார்கள். விறகை எரித்துத் தணலாக்கிக் குழியில் பரப்பி, மேலே இறைச்சியைப் போட்டு, ராத்திரி முழுக்கப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். வெட்டியவர்களும் புரட்டியவர்களும் அடிமைகளாக இருந்த கறுப்பர்கள். மறுநாள் விருந்தினர் பாராட்டியது எஜமானரின் உபசாரத்தை. தூக்கம் கெட்டது யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை. 1865 ஜூன் 19 அன்று கால்வெஸ்டன் துறைமுகத்தில் ராணுவ ஆணை வாசிக்கப்பட்ட பிறகுதான் டெக்சாஸ் அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி அதிகாரபூர்வமாக எட்டியது. ஜூன்டீன்த் என்ற பெயரில் கறுப்பர்கள் கொண்டாடி வந்த அந்த நாளை 2021ல் அமெரிக்க அரசு தேசிய விடுமுறையாக்கியது. அன்றைக்கும் பார்பெக்யூ நெருப்புதான் விசேஷம். அதே குழி, அதே தணல். ஆனால் உழைப்பும் விருந்தும் அவர்களுடையவை.

டெக்சாஸின் மத்தியப் பகுதிக்கு இன்னொரு கிளைக்கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் செக் பிரதேசங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் அங்கே கசாப்புக் கடை வைத்தார்கள். குளிர்பதன வசதி இல்லாத காலம். விற்காமல் மிஞ்சிய இறைச்சியைக் கெடாமல் காப்பாற்றச் சொந்த ஊரில் பழகிய வழி புகை போடுவது. பருத்தி பறிக்க வந்த கூலிகளுக்கு அந்த இறைச்சி மத்தியானச் சாப்பாடாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்களும் மெக்சிகோக்காரர்களும். ஓட்டல்களில் அவர்களை உட்காரவைக்காத காலம் அது. கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததைக் கடைப்பக்கத்தில் நின்றபடியே கையால் பிய்த்துத் தின்றுவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். தட்டில்லாமல் காகிதத்தில் பரிமாறுவதை இன்றைய சுற்றுலாப் பயணிகள் டெக்சாஸின் அழகான சம்பிரதாயமாகப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

லாக்ஹார்ட் என்ற சிற்றூர் இந்தச் சம்பிரதாயத்தின் தலைமைப்பீடம். 1900ல் தொடங்கிய கிரூட்ஸ் மார்க்கெட் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1999ல் அந்தக் கடைக் குடும்பத்தில் பாகப்பிரிவினை வந்தது. பழைய கட்டடம் சகோதரிக்கு. கடையின் பெயர் சகோதரருக்கு. அவர் புதிய கட்டடத்துக்குக் குடிபோனபோது பழைய அடுப்பின் தணலை ஒரு தொட்டியில் எடுத்துத் தெரு வழியாகவே இழுத்துச் சென்று புது அடுப்பை மூட்டினார்கள். அதே ஆண்டு டெக்சாஸ் பிரதிநிதிகள் சபை லாக்ஹார்ட்டை மாநிலத்தின் பார்பெக்யூ தலைநகரமாக அறிவித்துத் தீர்மானம் போட்டது.

ஆரம்ப காலத்தில் இந்த அடுப்புகளில் பிரிஸ்கெட்டுக்குத் தனி மரியாதை கிடையாது. கசாப்புக் கடைக்கு மாட்டின் முன்பாதி முழுசாக வரும். எது விற்கவில்லையோ அது புகைக்குப் போகும். 1960களில் நிலைமை மாறியது. பெரிய இறைச்சித் தொழிற்சாலைகள் எலும்பு நீக்கிய துண்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்ப ஆரம்பித்தன. இனி வேண்டிய துண்டை மட்டும் வாங்கலாம். அதிகம் பேர் சீந்தாத நெஞ்சுக்கறி மலிவாகக் கிடைத்தது. விறகும் ஆளும் வைத்திருந்த பார்பெக்யூ கடைகள் அதைப் பிடித்துக்கொண்டன.

இன்று அந்த மலிவு போன இடம் தெரியவில்லை. 2009ல் ஆஸ்டின் நகரத்தில் ஒரு டிரெய்லர் வண்டியில் பிரிஸ்கெட் விற்கத் தொடங்கிய ஆரன் பிராங்க்ளின், 2015ல் ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றார். அமெரிக்கச் சமையல் உலகில் அது பெரிய கௌரவம். அவர் கடை வாசலில் காலையிலேயே மடக்கு நாற்காலிகளோடு வரிசை நிற்கும். 2013ல் ‘டெக்சாஸ் மந்த்லி’ பத்திரிகை பார்பெக்யூவுக்கு என்றே முழுநேர ஆசிரியர் ஒருவரை நியமித்தது. கூலிக்காரர்களின் துண்டு கனவான்களின் துண்டாகிவிட்டது. நேரத்தைத் தவிர வேறெதுவும் சொந்தமில்லாதவர்கள், சில காலம் அதுவும் சொந்தமில்லாதவர்கள், பழக்கிய சமையல் இது. இன்றைக்கு நேரத்தைத் தவிர மற்ற எல்லாம் உள்ளவர்கள் அதற்கு ஆசைப்படுகிறார்கள்.

வரிசையில் நிற்பதைவிட வீட்டிலேயே செய்துவிடலாம் என்று புறப்படுகிறவருக்கு முதல் அதிர்ச்சி இறைச்சியின் அளவு. முழு பிரிஸ்கெட் 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். அதில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். ஒன்று தட்டையானது, கொழுப்பு குறைந்தது; பெயர் ஃப்ளாட். மற்றது தடித்தது, கொழுப்பு மிகுந்தது, பெயர் பாயின்ட். நடுவே ஒரு கொழுப்புப் படலம். இரண்டிலும் நார் ஓடும் திசை வேறு வேறு. இரண்டு சுபாவம் உள்ள இரட்டையரை ஒரே தொட்டிலில் போட்டு வளர்ப்பது மாதிரி. ஃப்ளாட் வறளாமலும் பாயின்ட் வேகாமல் போகாமலும் பார்த்துக்கொள்வதில்தான் சமையல்காரரின் சாமர்த்தியம் இருக்கிறது.

மேலே உள்ள கொழுப்பை முழுவதும் சீவிவிடக் கூடாது. சுமார் அரை சென்டிமீட்டர் விட்டுவைப்பார்கள். மசாலா என்று பிரமாதமாக எதுவும் இல்லை. உப்பு, கரகரப்பாக உடைத்த மிளகு, இரண்டும் ஏறக்குறைய சம அளவு. மலபார் கரையிலிருந்து கப்பலேறி உலகம் சுற்றிய மிளகு, இந்தக் கௌபாய் தேசத்துப் பண்டத்துக்கும் உயிர் கொடுக்கிறது. வெந்து முடிந்ததும் இறைச்சியின் மேல் கரிபோலக் கறுத்த ஒரு தோல் ஏறியிருக்கும். மரப்பட்டை என்ற அர்த்தத்தில் அதை ‘பார்க்’ என்பார்கள். பார்த்தால் தீய்ந்தது போலத் தெரியும். தின்றால் விருந்தின் ருசியே அதில்தான் என்று தோன்றும். வெட்டிய துண்டின் ஓரத்தில் தெரியும் ரோஜா நிற வளையம் வேறு விஷயம். புகையில் உள்ள வாயுக்கள் இறைச்சியின் சிவப்பு நிறமியோடு சேர்வதால் வருகிறது. பார்வைக்கு அழகு, ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுப்பு பலவிதம். டெக்சாஸ்காரர்களின் பெருமைக்குரியது, எண்ணெய்க் குழாயையோ பழைய எரிவாயுத் தொட்டியையோ வெட்டி வெல்டிங் செய்த இரும்பு உருளை. ஒரு பக்கம் சிறிய நெருப்புப் பெட்டி; மறு கோடியில் புகைபோக்கி. நடுவில் உள்ள இறைச்சி நெருப்பைப் பார்ப்பதே இல்லை. சூடும் புகையும் அதைத் தடவிக்கொண்டு வெளியேறும். அவ்வளவு வசதி இல்லாதவர்களுக்கு உருண்டை அடுப்பு போதும். 1952ல் சிகாகோ பக்கத்தில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த பட்டறையில் செய்த மிதவைக் கூண்டை இரண்டாக வெட்டி உருவாக்கியது அது. வெபர் என்ற பெயரில் இன்றைக்கும் விற்கிறது. கரியை ஒரு ஓரமாகவும் இறைச்சியை மறு ஓரமாகவும் வைத்துவிட்டால் அதிலும் வேலை நடக்கும்.

விறகு போஸ்ட் ஓக். வேலிக்கம்பம் நடப் பயன்பட்டதால் அந்த மரத்துக்கு அந்தப் பெயர். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு வெள்ளைப் புகையாகக் கக்கும், இறைச்சி கசந்துவிடும். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி லேசான நீலத்தில் ஓடும் புகைதான் நல்ல புகை. அடுப்பின் சூடு 110லிருந்து 135 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அதற்கு அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒரு விறகு. காற்றடித்தால் ஒரு கணக்கு. மழை தூறினால் வேறு கணக்கு. இதெல்லாம் திறந்தவெளியில் நடக்க வேண்டிய காரியம். மழைக்குப் பயந்து கார் ஷெட்டுக்குள் அடுப்பைத் தள்ளினால் கார்பன் மோனாக்சைடு என்ற வாசனையில்லாத விஷம் வீட்டுக்குள் ஏறிவிடும்.

முதல் நாலைந்து மணி நேரம் எல்லாம் சுமுகமாகப் போகும். இறைச்சியில் குத்தியிருக்கும் வெப்பமானி 30, 40, 50, 60 என்று ஏறிக்கொண்டே வரும். விருந்தினரை எத்தனை மணிக்கு வரச் சொல்லலாம் என்று வீட்டுக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். 65 டிகிரியைத் தாண்டியதும் முள் நின்றுவிடும். ஒரு மணி நேரம் ஆகும், இரண்டு மணி நேரம் ஆகும், அசையாது. சில சமயம் ஓரிரு டிகிரி இறங்கவும் செய்யும். இதற்கு ‘ஸ்டால்’ என்று பெயர். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் கூட இப்படியே நிற்கும். புதிதாகச் செய்கிறவர்கள் தோற்றுப்போகும் இடம் இதுதான். வெப்பமானி கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுவார்கள். தீயைக் கூட்டுவார்கள். நிமிஷத்துக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்த்து, இருக்கிற சூட்டையும் விரட்டுவார்கள்.

கொலாஜன் கரைவதற்கு வெப்பம் செலவாவதால்தான் முள் நிற்கிறது என்று பல காலம் சொல்லி வந்தார்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் அதைச் சோதித்துப் பார்த்தார். தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சு ஒன்றையும் கொழுப்புக் கட்டி ஒன்றையும் சூடேற்றினார். கொழுப்பு தடையில்லாமல் சூடாகிக்கொண்டே போனது. ஸ்பாஞ்சு, பிரிஸ்கெட் போலவே நடுவழியில் நின்றது. ஸ்பாஞ்சில் கொலாஜன் ஏது? காரணம் ஈரம். இறைச்சியின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அடுப்பு கொடுக்கிற சூடும் ஆவி கொண்டுபோகிற சூடும் சமமாக இருக்கும்வரை முள் நகராது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும், டெல்லி வீடுகளின் ஜன்னலில் மே மாதம் கூலர் ஓடுவதும் இதே தத்துவத்தில்தான். மனிதனுக்கு வியர்ப்பதும் இதற்காகத்தான். ராத்திரி இரண்டு மணிக்குப் பிரிஸ்கெட் வியர்த்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் காவல் இருக்கிறவரும் வியர்த்துக்கொண்டிருக்கிறார்.

காரணம் தெரிந்தால் வைத்தியமும் தெரியும். ஈரம் வெளியேறாமல் இறைச்சியை அலுமினியத் தாளில் இறுகச் சுற்றிவிட்டால் முள் மறுபடி ஏற ஆரம்பிக்கும். வேலை இரண்டு மூன்று மணி நேரம் மிச்சம். இதற்கு ‘டெக்சாஸ் ஊன்றுகோல்’ என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அலுமினியத்துக்குள் பிரிஸ்கெட் தன் நீரிலேயே வெந்து, கறுத்த தோல் சொதசொதத்துவிடும். கசாப்புக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் தடித்த காகிதத்தில் சுற்றுவது நடுவழி. அது கொஞ்சம் மூச்சு விடும். கூலிக்காரர்களுக்குத் தட்டாக இருந்த அதே காகிதம், இப்போது சமையலுக்குள்ளேயே வந்துவிட்டது.

95 டிகிரி வந்ததும் அநேகமாக முடிந்தது. ஆனால் கைதேர்ந்தவர்கள் எண்ணை மட்டும் நம்புவதில்லை. ஒரு கம்பியைக் குத்திப் பார்ப்பார்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னும் அரை மணி. மொத்தத்தில் 12 முதல் 16 மணி நேரம் ஓடியிருக்கும்.

அதற்கப்புறமும் வெட்டக் கூடாது. சுற்றின காகிதத்தோடு துண்டு போட்டு மூடி, ஐஸ் வைக்கிற பெட்டியில் ஐஸ் இல்லாமல் வைப்பார்கள். குளிரைக் காக்கும் பெட்டி சூட்டையும் காக்கும். குறைந்தது ஒரு மணி நேரம். இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் இன்னும் நல்லது. 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடக் கூடாது; இறங்கினால் கிருமிகள் பெருகலாம். இந்த ஓய்வில்தான் கரைந்த ஜெலட்டின் கெட்டிப்பட்டு இறைச்சிக்குள்ளேயே தங்கும். பொறுக்காமல் சூட்டோடு வெட்டினால் இத்தனை மணி நேரம் காத்த ரசம் பலகையில் ஓடிவிடும். பதினைந்து மணி நேரம் பொறுத்தவர்கள் கடைசி ஒரு மணி நேரத்தில் பொறுமை இழப்பது அடிக்கடி நடக்கிற சோகம்.

வெட்டுவது நாருக்குக் குறுக்கே, பென்சில் கனத்தில். பாயின்ட் வந்ததும் துண்டைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அங்கே நாரின் திசை வேறு. 6 கிலோவில் கொழுப்பு சீவியது போக, ஆவியானது போக, உருகி வழிந்தது போக, பலகைக்கு வருவது சுமார் 3 கிலோ. கூட வெள்ளை ரொட்டி, பச்சை வெங்காயம், வெள்ளரி ஊறுகாய். லாக்ஹார்ட் வைதீகர்கள் சாஸ் கேட்பதையே அவமானமாக நினைப்பார்கள்.

இவ்வளவு பாடுபட முடியாதவர்களுக்கு இயந்திரம் வந்துவிட்டது. ஆரெகன் மாநிலத்தின் ஜோ டிரேகர் 1986ல் காப்புரிமை பெற்ற அடுப்பு, மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளைத் தானே நெருப்புக்குள் தள்ளிக்கொள்ளும். இன்றைய மாடல்களைப் படுக்கையில் இருந்தபடி செல்போனில் கட்டுப்படுத்தலாம். வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம். விறகுக் கட்சிக்காரர்கள் இதைச் சமையலாகவே ஒப்புக்கொள்வதில்லை. ருசியில் வித்தியாசம் உண்டா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

சண்டை ருசியைப் பற்றியது மட்டுமல்ல. தோட்டத்துக் குழியருகே விழித்திருந்தவரிடம் ஒரு பொத்தானைக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக அழுத்திவிட்டுத் தூங்கப் போயிருப்பார். விழிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவருக்குத்தான் விழித்திருப்பது பெருமை. வாரம் முழுக்கக் கடிகாரத்துக்கு அடிமையாக இருப்பவர், யாராலும் அவசரப்படுத்த முடியாத ஒரு பொருளின் பக்கத்தில் ஒரே ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்க விரும்புகிறார். அது அவர் உரிமை. அந்த வித்தையைத் தூக்கம் கெட்டுக் கற்றுக்கொண்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை என்பதை அந்த ராத்திரியில் ஒரு தரம் நினைத்துக்கொண்டால் நல்லது.

ஒரு வேடிக்கை. விடிய விடியப் புகையில் உட்கார்ந்தவருக்குப் பந்தியில் பெரும்பாலும் பசி இருப்பதில்லை. ஒரு துண்டை வாயில் போட்டு, பதம் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, மற்றவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுப்படியிலேயே நின்றவருக்குச் சாப்பாடு இறங்காது என்பதை இந்தியப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். அமெரிக்க ஆண்கள் இப்போதுதான், அதுவும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.